உப்புக் கூடைக்கு இல்லாத தடை

திண்டிவனத்திலிருந்து பெருமுக்கல் வழியாக மரக்காணம் செல்வோர், உப்பளங்களில் பெண்கள் தலையில் கூடை சுமந்து வரப்புகளில் நடப்பதைக் கண்டிருப்பர். உச்சி வெயிலும் உப்பு நீரும் அவர்களது பாதங்களை அரிக்கின்றன. இது பெண்ணுக்குத் தகுமா என்று அங்கே எவரும் கேட்பதில்லை. அந்தப் பாத்திகளுக்கு நீர் இறைக்கும் மோட்டாரையும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் சீர்செய்யும் கல்வியை நம் மகள் கற்றுவிட்டால் மட்டும் கேள்விகள் எழுகின்றன. ஆண்கள் நடுவே வேலையா? இரவுப் பணியா? மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள்?

பெண் உழைப்பதை நாம் ஒருபோதும் தடுத்ததில்லை. அவள் அறிவால் உழைத்து, அதற்குரிய ஊதியம் பெறுவதைத்தான் தடுக்கிறோம். இத்தடைக்கு மார்க்கத்தைத் துணைக்கு அழைப்பதை நாம் ஏற்க இயலாது. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் வணிகம் நடத்தினார்கள். பெண் சம்பாதித்ததில் அவளுக்கே பங்குண்டு என்பது அந்நிஸா அத்தியாயம் உணர்த்தும் நெறி.

மின்பொறியியல் பெண்ணுக்கு ஒவ்வாது என்போர் அ. லலிதாவின் வாழ்வை அறியட்டும். 18 வயதில் கணவரை இழந்தபோது அவர் கையில் 4 மாதக் குழந்தை. கிண்டி பொறியியற் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்த தந்தை சுப்பாராவ், மகளை அங்கேயே சேர்த்தார். 1943இல் லலிதா படிப்பை முடித்தார். இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர் ஆனார். கல்கத்தாவில் பணியாற்றியபோது பக்ரா நங்கல் அணைக்கான மின்கடத்துப் பாதைகளின் வடிவமைப்பில் பங்கேற்றார். 1964இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர், அறிவியலாளர் மாநாட்டிற்கும் சென்றார். குழந்தையைக் குடும்பத்தார் தாங்கினர். அத்துணையின்றி இவை எவையும் நிகழ்ந்திரா.

இன்று தானியக்கத் துறையில் பெரும்பகுதி வேலைக்குத் தோள்வலிமை தேவையில்லை. மின்சுற்றுப் படத்தைப் படிக்கும் கண்ணும், பி.எல்.சி. நிரலில் பிழை கண்டறியும் நிதானமும் போதும். பாதுகாப்பும் கண்ணியமும் குறித்த கவலை நியாயமானதே. அதற்குரிய வழி, நல்ல போக்குவரத்தையும் தனிக் கழிப்பறையையும் தொழுகைக்கு இடத்தையும் நிறுவனங்களிடம் கேட்டுப் பெறுவதாகும். தொழிற்சாலைகளில் பெண்களுக்கு இருந்த இரவுப்பணித் தடையை 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதென அறிவித்தபோது, பாதுகாப்பு நிபந்தனைகளையும் சேர்த்தே விதித்தது. நீதிமன்றம் நீக்கிய தடையை நம் வீட்டு வாசலில் மீண்டும் நிறுத்துவானேன்?

நான்காண்டுகள் கட்டணம் செலுத்திப் படிக்க வைத்துவிட்டு, பட்டத்தைத் திருமண அழைப்பிதழில் பெயருக்குப் பின்னால் அச்சிடுவதோடு முடித்துக்கொள்வது வீண்விரயம். வீண்விரயத்தை நம் மார்க்கம் கண்டிக்கிறது. ஆகவே பெற்றோருக்கும் ஜமாஅத் பெரியவர்களுக்கும் ஒன்று கூறுகிறோம். மஹர் பேசும் அதே அமர்விலேயே மகளின் வேலையையும் பேசுங்கள். திருமணத்திற்குப் பின்னும் அவள் பணியைத் தொடர்வாள் என்பதை இரு வீட்டாரும் ஒப்பி எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பாத வீடு, எவ்வளவு பெரிய வீடாயினும், அவளுக்கு ஏற்ற வீடன்று.