செஞ்சியா, ஜிஞ்சியா? ஒரு கோட்டையின் பெயர் மாறிய கதை

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ‘மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற தலைப்பில் இடம்பெற்ற 12 கோட்டைகளில், மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது மட்டும்தான். ஆனால் பட்டியலில் இருக்கும் பெயர் ‘ஜிஞ்சி’. வெளியூர்க்காரர்கள் அந்த ஆங்கில எழுத்துகளைப் பார்த்து ‘கிங்கீ’ என்று படிப்பதும் உண்டு. ஏன் இந்தக் குழப்பம்?

ஆளுக்கொரு பெயர்

கோட்டையைப் பிடித்தவர்கள் எல்லாம் பெயரிலும் கை வைத்தார்கள். பீஜப்பூர் சுல்தான்கள் ‘பாதுஷாபாத்’ என்றார்கள். 1677இல் சிவாஜி கைப்பற்றிய பிறகு, மராட்டியர் வாயில் அது ‘சந்தி’ ஆனது. சுமார் எட்டு ஆண்டு முற்றுகைக்குப் பின் 1698இல் முகலாயர் வென்றதும் ‘நுஸ்ரத்கட்’. முற்றுகையை நடத்திய தளபதி சுல்பிகர் கானின் பட்டம் ‘நுஸ்ரத் ஜங்’. அதிலிருந்து வந்த பெயர் இது.

‘ஜி’ எங்கிருந்து வந்தது?

தமிழில் ‘ச’ என்ற ஒரே எழுத்து இடத்துக்கு ஏற்ப ஒலி மாறும். ‘ஞ்’ பக்கத்தில் வந்தால் ‘ஜ’ போலக் கேட்கும். ஐரோப்பியர்கள் காதில் விழுந்ததை அவரவர் எழுத்தில் எழுதினார்கள். சென்னையில் இருந்த ஆரம்பகால ஆங்கிலேயர்கள் ‘சிஞ்சி’, ‘செங்கே’ என்றெல்லாம் எழுதிப் பார்த்தார்கள். கடைசியில் நிலைத்தது ‘ஜிஞ்சி’.

ராஜாவும் தப்பவில்லை

1714இல் ஆற்காடு நவாபை எதிர்த்துப் போரிட்டு இறந்தவர் தேஜ் சிங் என்ற ராஜபுத்திர இளைஞர். கதைப்பாடல்கள் அவரைத் ‘தேசிங்கு ராஜன்’ ஆக்கின. சில மாதங்களே ஆண்டவர், தமிழில் வீரத்துக்கே இன்னொரு பெயராகிவிட்டார். இங்கே ஒலியும் மாறியது, பொருளும் மாறியது.

மாற்ற முடியாதா?

கிரீன்லாந்து தலைநகரின் டேனிஷ் பெயர் ‘கோட்ஹோப்’, அதாவது ‘நன்னம்பிக்கை’. 1979இல் தன்னாட்சி வந்ததும் ‘நூக்’ என்ற சொந்தப் பெயரே அதிகாரபூர்வமானது. பொருள், ‘முனை’.

தமிழ்நாட்டிலும் 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளை மாற்றி அரசாணை வந்தது. எழுத்துக்கூட்டல் பற்றி விமர்சனம் கிளம்ப, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பெயரை மாற்றினால் போதாது; படிப்பவர் சரியாக உச்சரிக்கும்படி எழுதவும் வேண்டும். உலகப் பயணிகள் வரத் தொடங்கும் நேரத்தில் இது வெறும் பலகை விஷயம் இல்லை. பாதுஷாபாத்தும் நுஸ்ரத்கட்டும் ஏட்டோடு போய்விட்டன. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் இன்றும் கூவுவது ‘செஞ்சி, செஞ்சி’தான்.