ஒரே நாளில் 46 செ.மீ. மழை... அந்தத் தண்ணி எங்கே போச்சு?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் கொட்டியது 46 செ.மீ.க்கும் மேல். கிருஷ்ணா நகரில் ராணுவம் இறங்கி மக்களை மீட்டது. ரெட்டியார்பாளையம், பூமியான்பேட்டை பக்கத் தாழ்வான நகர்களில் வீட்டுக்குள்ளேயே தண்ணீர்.

ஒரு கணக்கு போடுவோம். 2,400 சதுர அடி மனையில் 46 செ.மீ. மழை என்றால் சுமார் 1 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் எட்டு லோடுக்கும் மேல், உங்க ஒரு மனைக்கு மட்டும்! வாசலில் டைல்ஸ், தெருவில் சிமென்ட். அத்தனையும் வாய்க்கால் வழியாகக் கடலுக்குப் போகிறது.

ஆனால் இந்த நகரம் குடிப்பது நிலத்தடி நீரை. பக்கத்து முத்திரப்பாளையத்திலிருந்துதான் 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் நகருக்கு நல்ல தண்ணீர் கொண்டுபோனார்கள்; பாரதி பூங்கா ஆயி மண்டபம் அதன் நினைவுதான். இன்றோ கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீரில் உப்பு ஏறிக்கொண்டிருக்கிறது.

வாய்க்காலை அகலப்படுத்தினால் போதாதா? அதுவும் தேவைதான். ஆனால் புயல் நேரத்தில் கடலே பொங்கி நிற்கும்போது, எவ்வளவு அகலமான வாய்க்காலும் சட்டென வடியாது. தண்ணீரை நிறுத்தி வைத்து, மண்ணுக்குள் இறக்குவது ஏரியின் வேலை. மேற்கே ஊசுடு ஏரிக்கு சங்கராபரணி வெள்ளம் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக வருகிறது. நகரையொட்டி கனகன் ஏரி, வேல்ராம்பட்டு ஏரி இருக்கின்றன. 46 செ.மீ.யை இவை முழுசா தாங்காது, ஒப்புக்கொள்வோம். வழக்கமான கனமழையில் வித்தியாசம் தெரியும்.

ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியோடு 1999இல் தொடங்கிய திட்டத்தில் புதுச்சேரியின் 84 ஏரிகள் சீரமைப்புக்கு எடுக்கப்பட்டு, விவசாயிகளைக் கொண்டு ஏரிச் சங்கங்களும் அமைந்தன. பாகூர் பக்கம் அது பொருந்தும். வயல் இருக்கிறது, மதகைக் கவனிக்க ஆளும் இருக்கிறது. நகருக்குள் வயலெல்லாம் மனையாச்சே! ஆயக்கட்டு போனதும் ஏரிக்குச் சொந்தக்காரன் இல்லாமல் போனது.

நம்மைக் கேட்டால், இன்றைய ஆயக்கட்டுதாரர் போர் தண்ணீர் குடிக்கிற குடியிருப்புவாசிதான். குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஏரிச் சங்கத்தில் இடம் கொடுங்கள். வரத்து வாய்க்கால்களை அளந்து, எல்லைக்கல் நட்டு, வரைபடத்தை எல்லோரும் பார்க்க வெளியிடுங்கள். அந்தக் கல்லுக்குள் வரும் எந்த மனைப்பிரிவுக்கும் அனுமதி கூடாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும். அளவை வேலையை கோடையிலேயே முடித்தாக வேண்டும்.