ஆசிரியர் நியமனம்: பஞ்சாயத்திலிருந்து தேர்வாணையத்துக்கு...

புது தில்லி: அரசுப் பள்ளிகளில் ஆசிரியர் பணியிடங்கள் ஏன் காலியாக உள்ளன என்று நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் கேட்கும்போதெல்லாம் மத்திய கல்வி அமைச்சகம் அளிக்கும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: நியமனம் மாநிலங்களின் பொறுப்பு, அது தொடர் நடவடிக்கை.

இது பாதி உண்மை. ஆசிரியரை நியமிப்பது மாநிலம்தான். ஆனால், அவருக்கான தகுதியை நிர்ணயிக்க வழிசெய்வது 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். ஆனாலும் 2024-25 கணக்கெடுப்பில், ஒரே ஆசிரியரைக் கொண்ட பள்ளிகள் ஒரு லட்சத்தைத் தாண்டின.

செலவைக் குறைக்க மாநிலங்கள் கண்ட வழி ஒப்பந்த நியமனம். பிகாரில் 2006 முதல் பஞ்சாயத்துகளும் நகராட்சிகளும் தேர்வின்றி, மதிப்பெண் அடிப்படையில் ஆசிரியர்களைக் குறைந்த ஊதியத்தில் நியமித்தன. வகுப்பறைகள் நிரம்பின, போலிச் சான்றிதழ் புகார்களும் பெருகின. சம வேலைக்குச் சம ஊதியம் கோரி அவர்கள் தொடுத்த வழக்கில், 2017-இல் பாட்னா உயர் நீதிமன்றம் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சுமார் மூன்றரை லட்சம் பேர் காத்திருக்க, 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

அதே நிதீஷ் குமார் அரசு 2023-இல் பாதையை மாற்றியது. நியமனம் மாநிலத் தேர்வாணையத்திடம் சென்றது, வெளிமாநிலத்தவரும் அனுமதிக்கப்பட்டனர். அந்த ஆண்டு நவம்பர் 2-இல் சுமார் 1.2 லட்சம் பேருக்கு நியமன ஆணை. மூன்று மாதங்களுக்குள் கூட்டணி முறிந்ததும், அந்தப் பெருமை யாருக்கு என்பதில் நிதீஷும் தேஜஸ்வி யாதவும் மோதினர். வேலைவாய்ப்பு என்றால் ஆசிரியர் பணி என்றே பொருள்படும் மாநிலத்தில் இதில் வியப்பில்லை.

ஆனால் அவசர நியமனங்கள் நீதிமன்றத்தில் நிலைப்பதில்லை. உத்தரப் பிரதேசத்தில் உதவி ஆசிரியர்களாக்கப்பட்ட 1.37 லட்சம் சிக்ஷா மித்ராக்களின் நியமனம் 2017 ஜூலையில் செல்லாததாயிற்று. மேற்கு வங்கத்தில் 2016 தேர்வின் வழி வந்த ஆசிரியர், ஊழியர் என 25,753 பேர் நியமனம் 2025 ஏப்ரலில் ரத்தானது. முறைகேடு செய்தவர்களோடு, செய்யாதவர்களும் வேலை இழந்தனர்.

இப்போதைய சிக்கல் வேறு. தமிழகம், மகாராஷ்டிரத்திலிருந்து எழுந்த வழக்குகளில், 2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சட்டம் வருமுன் பணியில் சேர்ந்தவர்களுக்கும் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர்களுக்கு அவகாசம் இரண்டே ஆண்டுகள். இருபது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தவரும் தேர்வு எழுத வேண்டும்.

தீர்ப்புக்கு அடிப்படை, மத்திய சட்டத்தின் 23-ஆவது பிரிவு. அதைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் உள்ளது. மாநிலங்களின் பொறுப்பு என்ற வழக்கமான பதில் இங்கு செல்லாது.