டயரைத் திட்டும் முன்



எங்கள் பக்கத்துக் காரைக்கால்மேட்டில் காலை நேரத்துச் சாலையைப் பாருங்கள். மீன் வண்டிகளிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டே போகும். கடற்காற்று கொண்டுவந்த மணல் அந்த ஈரத்தில் ஒட்டிக் கிடக்கும். அங்கே ஒரு வளைவில் என் மாணவன் ஒருவன் மோட்டார் சைக்கிளோடு விழுந்தான். பார்த்தவர்கள் எல்லாரும், "டயர் மொட்டை" என்று தீர்ப்புச் சொன்னார்கள். அவன் தகப்பனார் கடன் வாங்கி இரண்டு புது டயர் போட்டுக் கொடுத்தார். ஒரு மாதம் கழித்து அதே வளைவில் மறுபடியும் விழுந்தான். இம்முறை முழங்கை எலும்பு முறிந்துவிட்டது.

"புது டயர் போட்டும் வழுக்குது சார்" என்றான்.

"எப்போது வழுக்கியது? பிரேக்கை மிதித்தபோதா, ஆக்சிலேட்டரைத் திருகியபோதா?" என்று கேட்டேன். அதுவரை யாரும் அவனிடம் இதைக் கேட்கவில்லையாம். யோசித்துச் சொன்னான்: இரண்டு முறையும் வளைவுக்குள் போன பிறகு பின் பிரேக்கை ஓங்கி மிதித்திருக்கிறான்.

வண்டியின் பின்புறம் நிலைகொள்ளாமல் ஓடுகிறதென்றால் முதற்கேள்வி 'எப்போது?' என்பதுதான். 'எதை மாற்றலாம்?' என்பது அதற்குப் பிறகே வரவேண்டும். இதுவே என் கட்சி. பந்தயக் கார்களைப் பழுது பார்ப்பவர்களுக்கும் இதுதான் வழி.

நம் நாட்டு உதாரணமே இருக்கிறது. மாருதி 800 காரில் எஞ்சின் முன்னால் இருக்கும். அது ஓட்டுவதும் முன் சக்கரங்களைத்தான். 1980களின் பிற்பகுதியில் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் அதே எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்து, பின் சக்கரங்களை ஓட்டும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். 'ஃபார்முலா மாருதி' என்று பெயர். எஞ்சின் ஒன்றே, ஆனால் வளைவில் அளவு மீறி முடுக்கினால் முதலாவது காரின் மூக்கு வெளிப்புறம் ஓடும், இரண்டாவது காரின் வால் வீசும். ஏன்?

டயரின் பிடிப்பு ஒரே ஒரு பணப்பை. ஒரு சக்கரத்துக்குத் தரை தரக்கூடிய உராய்வு விசை 5000 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். முன்னே தள்ளுவதற்கு அதில் 3000 செலவானால், வளைவதற்கு மிஞ்சுவது எவ்வளவு? 2000 என்று அவசரப்படாதீர்கள். இரண்டு விசைகளும் செங்குத்தானவை, பிதாகரசைக் கூப்பிடுங்கள். 4000 மிஞ்சும். ஆனால் 5000 முழுவதையும் தள்ளுவதற்கே செலவிட்டால் வளைவதற்குப் பூஜ்யம்! பின் சக்கரம் பக்கவாட்டில் ஓடிவிடும். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது மட்டும் வால் வீசினால் குற்றவாளி இதுதான்.

காலை எடுத்ததும் அல்லது பிரேக் பிடித்ததும் வால் வீசினால் கதை வேறு. 1000 கிலோ கார். அச்சுகளுக்கு இடையே 2.5 மீட்டர், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 0.5 மீட்டர் உயரத்தில். நொடிக்கு நொடி 5 மீட்டர் வீதம் வேகம் குறைந்தால், 1000 × 5 × 0.5 ÷ 2.5, அதாவது 1000 நியூட்டன் பாரம் பின்னிருந்து முன்னுக்குப் போகிறது. பின்னால் 5000 நியூட்டன் இருந்த இடத்தில் இப்போது 4000 தான். பாரம் குறைந்தால் பிடிப்பும் குறையும். பணப்பையே சிறுத்துவிட்டது!

1963இல் அறிமுகமான ஜெர்மானிய 'போர்ஷே 911' காரில் இந்தத் தொல்லை பிரசித்தம். அதன் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கியது. வளைவில் ஓட்டுநர் பயந்து காலை எடுத்தால், கனத்த வால் ஊசல் போல வெளியே வீசும். முதலில் முன் பம்பரின் இரு முனைகளிலும் 11 கிலோ இரும்புக் கட்டிகளை ஒளித்து வைத்துச் சமாளித்தார்கள். (நம்மூர் மெக்கானிக்கைப் போலத்தான் அவர்களும்!) பிறகு 1969ஆம் ஆண்டு மாடலில் எஞ்சினை அசைக்காமல் பின் சக்கரங்களை மட்டும் 57 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளினார்கள். நோயைக் கண்டபின் செய்த வைத்தியம் அது.

முடுக்காமல், பிரேக்கும் பிடிக்காமல், சீராக வளையும்போதே வழுக்கினால்தான் டயரையும் காற்றழுத்தத்தையும் சஸ்பென்ஷனையும் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். இரண்டை ஒரே நாளில் மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது.

என் மாணவன் செய்தது என்ன? பிரேக் பிடித்துப் பின் சக்கரத்தின் பாரத்தைக் குறைத்தான். மிஞ்சிய பிடிப்பை முழுவதும் பிரேக்குக்கே கொடுத்தான். ஈர மணலில் பணப்பை ஏற்கெனவே சிறிது.

இதில் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு என்பேன். மரக்கட்டையை இழுத்து உராய்வுக் குணகம் கண்டுபிடிக்கச் சொல்கிறோம். கட்டையின் பாரம் மாறுவதில்லை, அது வளைவதுமில்லை. அந்தக் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவன்தான் சாலையில் விழுந்தான்.

ஒரு பொம்மைக் காரை எடுத்துக்கொள்ளுங்கள். வழவழப்பான பலகையைச் சரித்து வையுங்கள். பின் சக்கரங்கள் சுழலாதபடி ரப்பர் வளையத்தால் கட்டி, மூக்கு கீழ்நோக்க விடுங்கள். பாதி வழியில் திரும்பிக்கொண்டு, வால் முன்னாக இறங்கும். இனி முன் சக்கரங்களை மட்டும் கட்டினால்? என்ன நடக்கும் என்று முதலில் நோட்டில் எழுதிவிட்டு, பிறகு காரை விடுங்கள்.