ஜிர்காவிலிருந்து தொடங்குங்கள்



ஆப்கன் பெண்களின் நிலை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை மனத்தை உலுக்கியது. காபூலில் தாலிபான் அரசு இடும் ஆணைகளை விரிவாகச் சொன்ன கட்டுரையாளர், ஊர்ப் பெரியவர்கள் கூடித் தீர்ப்புச் சொல்லும் கிராமத்து ஜிர்காவைத் தொடவே இல்லை. நிலத் தகராறும் தண்ணீர்த் தகராறும் கொலைப்பழியும் பெரும்பாலும் அங்கேதான் தீர்க்கப்படுகின்றன. கொலைக்கு ஈடாக, கொன்றவன் வீட்டுச் சிறுமியை எதிர்த்தரப்புக்கு மணமுடித்துத் தரும் ‘பாத்’ வழக்கமும் அங்கேதான் நடக்கிறது. இரு குடும்பங்களுக்கும் சமாதானம். அவளுக்கோ, யாரோ செய்த குற்றத்துக்கு ஆயுள் தண்டனை. 2009ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் குற்றமாக்கியும் வழக்கம் ஒழியவில்லை. ஆகவே மனித உரிமைப் பயிற்சி முதலில் ஊர்ப் பெரியவர்களுக்கு, அவர்கள் மதிக்கும் மார்க்க அறிஞர்களின் வாயால் போய்ச் சேர வேண்டும். மணப்பெண்ணின் சம்மதம் இல்லாத நிக்காஹ் பற்றி அந்த அறிஞர்கள் பேசினால்தான் எடுபடும்.

சாமானியர்களால் என்ன முடியும் என்று கேட்பவர்கள் 2018ஐ நினைத்துப் பார்க்கட்டும். ஹெல்மந்த் மாகாணத்தின் லஷ்கர்காவில் மல்யுத்தம் பார்த்துவிட்டு வந்தவர்கள் நடுவே கார் குண்டு வெடித்தது. அதன்பின் ஹெல்மந்த்வாசிகள் சிலர், போரை நிறுத்தக் கோரி, காபூலுக்கு நடந்தே போனார்கள். சுமார் 700 கிலோமீட்டர்! ரமலான் நோன்போடு, கால் கொப்புளங்களோடு, மசூதிகளில் படுத்தெழுந்து நடந்தார்கள்.

மனித உரிமைப் பயிற்சியை இனி அரசிடம் எதிர்பார்க்க முடியாது: 2022 மே மாதம் தாலிபான் அரசு நாட்டின் மனித உரிமை ஆணையத்தைக் கலைத்துவிட்டது. இதற்கிடையே ஈரானிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் லட்சக்கணக்கான ஆப்கானியர்கள் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். அவர்களோடு நிலத் தகராறுகளும் ஊர் திரும்பும். நிவாரண அமைப்புகள் கோதுமை மூட்டைகளுக்கு ஒதுக்கும் பணத்தோடு இந்தப் பயிற்சிக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும்.

– ஒரு வாசகி