காளானைச் செடி என்று சொல்லாதீர்கள்

அண்ணன் மகன் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறான். போன வாரம் திண்ணையில் உட்கார்ந்து ஒரு வழிகாட்டிப் புத்தகத்தைச் சத்தம்போட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தான். "பச்சையம் இல்லாத தாவரம் எது? காளான்." சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவினான். "டேய், காளான் தாவரமே இல்லையே" என்றேன். "அதெல்லாம் எனக்கும் தெரியும் சித்தப்பா. புக்கில விடை அதுதான் போட்டிருக்கு. மார்க் வேணுமா வேணாமா?" என்றான்.

அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. தெரிந்தே தப்பை மனப்பாடம் பண்ண வைத்த புத்தகத்தின்மேல் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை அச்சடித்தவர்மேலும், வகுப்பில் அதையே திருப்பிச் சொல்கிறவர்மேலும் இருக்கிறது. இது ஒரு புத்தகத்தோடு நிற்கிற தப்பும் இல்லை. சந்தையில் காளான் காய்கறிக் கூறுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சமையல் நிகழ்ச்சியில் "இந்தக் காய்" என்று கையில் எடுத்துக் காட்டுகிறார்கள். கல்யாணப் பந்தியில் பரிமாறும்போது, "சாப்பிடுங்க, இதுவும் ஒரு செடிதானே" என்று பெரியவர்களைச் சமாதானம் செய்கிறார்கள். மண்ணில் முளைக்கிறது, நகராமல் நிற்கிறது, ஆகவே செடி. இவ்வளவுதான் இவர்கள் வைத்திருக்கும் ஆதாரம்.

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு காளான் குடில் இருக்கிறது. கீற்றுக் கூரை, தரையில் ஆற்று மணல், சுற்றிலும் நனைத்துக் கட்டிய சாக்கு. சிப்பிக் காளான் போடுகிறோம். வைக்கோலைத் துண்டு துண்டாக வெட்டி, ஊறவைத்து, வேகவைத்து, கையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டாத பதத்துக்கு ஆறவிடுவோம். பிறகு பாலித்தீன் பையில் ஒரு அடுக்கு வைக்கோல், ஓரத்தைச் சுற்றிக் கொஞ்சம் வித்து, மறுபடி வைக்கோல், மறுபடி வித்து என்று நிரப்பி வாயைக் கட்டி, அங்கங்கே ஓட்டை போட்டு, இருட்டறையில் தொங்கவிடுவோம். வித்து என்பது வேகவைத்த சோளத்தின்மேல் வெள்ளையாகப் படர்ந்திருக்கும் பூசணம். இரண்டு மூன்று வாரத்தில் அந்த வெள்ளை பை முழுக்கப் பரவி, வைக்கோலே தெரியாதபடி கட்டியாகிவிடும்.

இதில் செடியின் வேலை எங்கே நடக்கிறது? காளானைச் செடி என்கிற ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து அந்த இருட்டறைக்குள் கூட்டிப்போய் நிறுத்த வேண்டும்போல் இருக்கிறது. ஒரு முருங்கைக் கன்றை அங்கே வைத்துப் பாருங்கள், வெளிறிச் செத்துப்போகும். செடி என்பது வெயிலில் சமைத்துச் சாப்பிடுகிற உயிர். காளானுக்குச் சமைக்கத் தெரியாது. எச்சில் மாதிரி நொதிகளை வெளியே விட்டு, வைக்கோலை வெளியிலேயே செரிக்க வைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. மகசூல் முடிந்த பையைத் தூக்கிப் பாருங்கள், பாதி கனம்கூட இருக்காது. வைக்கோல் வெயிலில் சேர்த்து வைத்ததைத்தான் அது தின்றிருக்கிறது.

பை வெள்ளையான பிறகு மங்கலான வெளிச்சம் வேண்டும் என்பது உண்மை. உடனே "பார்த்தீர்களா, வெளிச்சம் கேட்கிறதே" என்று ஒருவர் கிளம்புவார். அந்த வெளிச்சம் அதற்குச் சாப்பாடு இல்லை, மொட்டு விடலாம் என்கிற சைகை மட்டும்தான். அதைவிட முக்கியமாக அது கேட்பது காற்று. குடிலை மூடியே வைத்திருந்தால் காளான் விடுகிற கரியமில வாயு உள்ளேயே தேங்கி, குடை விரியாமல் தண்டு மட்டும் நீண்டுபோகும். ஒரு தடவையாவது காளான் போட்டவர்களுக்கு இது தெரியும். ஆக்சிஜனை இழுத்துக் கரியமில வாயுவை விடுகிறது, நம்மைப்போலவே. இரவில் மரங்களும் அப்படித்தானே என்பார்கள். மரம் பகலில் அதற்குமேல் திருப்பித் தருகிறது. காளான் எந்தப் பொழுதிலும் தருவதில்லை.

குடிலை விட்டு அடுப்படிக்கு வருவோம். கீரையை வேகவைத்தால் குழைகிறது, பூசணியை வேகவைத்தால் கரைகிறது. காளானை எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் கடிபடுகிற பதம் போவதில்லை. அதன் செல்சுவரில் உள்ள கைட்டின் சூட்டுக்கு அசைவதில்லை, அதனால்தான். செடியின் செல்சுவர் செல்லுலோஸால் ஆனது. கைட்டின் எங்கே இருக்கிறது தெரியுமா? இறால் ஓட்டில், நண்டு ஓட்டில், வண்டின் முதுகில். செடி மிச்சச் சாப்பாட்டை மாவுச்சத்தாகச் சேர்த்து வைக்கிறது, உருளைக்கிழங்கில் இருப்பது அதுதான். காளான் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கிறது, நம் கல்லீரல் செய்வதைப்போல. இதற்குப் பிறகும் அது செடிதான் என்று சொல்வதற்கு என்ன துணிச்சல் வேண்டும்!

1735-ல் லின்னேயஸ் என்ற இயற்கையியலாளர் உலகத்தைக் கல், செடி, விலங்கு என்று மூன்றாகப் பிரித்தார். காளானைப் பூக்காத செடிகளோடு, பெரணி, பாசி இருந்த கூட்டத்தில் போட்டார். அன்றைக்கு அவ்வளவுதான் தெரிந்தது, அவரைக் குறை சொல்ல முடியாது. 1969-ல் விட்டேக்கர் என்ற உயிரியலாளர் உயிர்களை ஐந்து உலகங்களாகப் பிரித்துக் காட்டியபோது காளான் அடங்கிய பூஞ்சைக் கூட்டத்துக்குத் தனி உலகம் கிடைத்தது. மனிதன் நிலாவில் கால் வைத்த வருஷம் அது. 1990-களில் மரபணு வரிசைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பூஞ்சைக்கு நெருங்கிய சொந்தம் செடி இல்லை, விலங்கு. அதாவது கொல்லையில் இருக்கிற அந்தச் சிப்பிக் காளான், பக்கத்தில் நிற்கிற முருங்கையைவிட எனக்குத்தான் கிட்டத்துச் சொந்தம். தாவரங்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேச விதித்தொகுப்பே 2011-ல் மெல்போர்ன் மாநாட்டில் தன் தலைப்பை மாற்றி, பாசிகள், பூஞ்சைகள், தாவரங்கள் என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்ல ஆரம்பித்தது. தாவரவியலாளர்களே விட்டுக்கொடுத்துவிட்டார்கள். நம் வழிகாட்டிப் புத்தகம் மட்டும் விடமாட்டேன் என்கிறது.

"பச்சையம் இல்லாத தாவரம்" என்று ஒன்று இல்லவே இல்லையா? உண்டு. வேலியோரம் மஞ்சள் நூல்போலப் படர்ந்து கிடக்கும் அம்மையார் கூந்தலைப் பாருங்கள். பச்சையம் இல்லை என்றே சொல்லலாம், இலையும் இல்லை. அடுத்த செடியின் சாற்றை உறிஞ்சியே பிழைக்கிறது. ஆனால் பூக்கிறது, விதை வைக்கிறது, செல்லுலோஸ் சுவர் வைத்திருக்கிறது. அது செடி, சர்க்கரைவள்ளிக்கும் கத்தரிக்கும் சொந்தக்காரி. அந்தக் கேள்விக்கு அதை விடையாகப் போட்டிருந்தால் பிள்ளைகள் ஒரு நல்ல விஷயத்தைக் கற்றிருப்பார்கள். பச்சை இருந்தால் செடி, இல்லாவிட்டால் பச்சை இல்லாத செடி என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுவதற்குப் பெயர் அறிவியல் இல்லை.

இன்னொரு கூட்டம் இதை எதிர்ப்பக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. காளான் செடி இல்லை என்றால் அது அசைவம்தானே என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். இரண்டே பெட்டி வைத்துக்கொண்டு உலகத்தையே அதற்குள் அடைக்கிற அதே நோய்தான் இதுவும். காளான் செடியும் இல்லை, விலங்கும் இல்லை. அதைச் சாப்பிடுவதும் சாப்பிடாததும் அவரவர் விருப்பம். விருப்பத்துக்கு விஞ்ஞானத்தைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம்.

பெயரில் என்ன இருக்கிறது, விட்டுத் தொலையுங்கள் என்கிறவர்களிடம்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. 2021 மே மாதத்தை மறந்துவிட்டீர்களா? கொரோனாவில் தப்பித்தவர்களைக் கரும்பூஞ்சை பிடித்தது. கண்ணை எடுத்தார்கள், தாடையை எடுத்தார்கள். ஆம்போடெரிசின் மருந்துக்காகக் குடும்பங்கள் ஊர் ஊராக அலைந்தன. பாக்டீரியாவைக் கொல்ல எத்தனையோ மருந்து இருக்கிறது, பூஞ்சையைக் கொல்ல ஏன் இத்தனை குறைவு? பாக்டீரியா நமக்கு வெகு தூரம். அதன் சுவர் மாதிரி நம் உடம்பில் எதுவும் இல்லை, பெனிசிலின் அந்தச் சுவரை மட்டும் குறிவைத்து உடைக்கும். பூஞ்சை அப்படியா? அதன் செல்சவ்வில் இருப்பது எர்கோஸ்டிரால், நம்முடையதில் இருப்பது கொலஸ்ட்ரால், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அச்சு. ஆம்போடெரிசின் முதலாவதை நோக்கிப் போகும்போது இரண்டாவதையும் கொஞ்சம் பதம்பார்க்கிறது, சிறுநீரகம் அடிவாங்குகிறது. சொந்தக்காரனை நமக்குள்ளேயே வைத்துக் கொல்ல வேண்டிய கஷ்டம் அது. மனிதரைத் தாக்கும் முக்கியமான பூஞ்சைகளின் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் முதன்முதலாக வெளியிட்டதே 2022 அக்டோபரில்தான். அதில் 19 பூஞ்சைகள் இருந்தன. இவற்றையும் பச்சையம் இல்லாத தாவரங்கள் என்று ஒப்பிக்கச் சொல்வார்களா?

படர்தாமரை வந்தவர்களைப் பாருங்கள். தோலின் கெரட்டினைத் தின்று வட்டம் வட்டமாகப் பரவுகிற பூஞ்சை அது. கடையில் மருத்துவர் சீட்டு இல்லாமல் ஒரு களிம்பு வாங்கித் தடவுகிறார்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பும் குறையும், பூஞ்சையோ அடியில் சுகமாகப் பரவும். மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு, வீட்டில் எல்லாருக்கும் ஒட்டிய பிறகுதான் தோல் மருத்துவரிடம் போகிறார்கள். பூஞ்சை என்றால் என்ன, அது எப்படி வாழ்கிறது என்று பள்ளியில் ஒழுங்காகச் சொல்லியிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது.

வயலுக்கு வந்தால் இதைவிட மோசம். நெல்லில் குலைநோய் விழுகிறது, இலையில் கண்போன்ற புள்ளி வந்து, கதிரின் கழுத்து கறுத்து ஒடிகிறது. அந்தப் பூஞ்சை இலைமேல் ஒட்டிக்கொண்டு உள்ளே ஏற்படுத்துகிற அழுத்தம் கார் டயரின் காற்றழுத்தத்தைப்போல 40 மடங்கு. அந்த விசையால் இலையின் தோலைக் குத்தித் துளைக்கிறது. விவசாயி இலையைக் கிள்ளிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனால், கடைக்காரர் ஒரு பூச்சிமருந்தைத் தூக்கிக் கொடுக்கிறார். எது வந்தாலும் பூச்சி, எதற்கும் பூச்சிமருந்து. பூஞ்சைக்கு ஒன்றும் ஆவதில்லை, வயலில் இருந்த சிலந்தியும் பொறிவண்டும் செத்துப்போகின்றன, அடுத்த மாதம் புகையான் பூச்சி ஏறுகிறது. நீலகிரி உருளைக்கிழங்கில் வரும் பின் இலைக்கருகல் இன்னொரு கதை. அந்தக் கிருமி பூஞ்சைகூட இல்லை, பழுப்புக் கடற்பாசிகளுக்குச் சொந்தம். பூஞ்சையை அடக்கும் அசோல் மருந்துகள் அதனிடம் எடுபடுவதில்லை, மெட்டலாக்ஸில் போன்றவைதான் வேண்டும். எது எந்த இனம் என்று தெரியாமல் அடிக்கிற மருந்துக்குக் காசு கொடுப்பது விவசாயிதான்.

இதற்கு வரலாறும் உண்டு. 1869-ல் இலங்கையின் மடுல்சீமைப் பக்கம் காப்பி இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி தெரிந்தது. தோட்ட முதலாளிகள் மண்ணைக் குறை சொன்னார்கள், வானிலையைக் குறை சொன்னார்கள், உரத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். 1880-ல் இதை ஆராய அனுப்பப்பட்ட மார்ஷல் வார்டு என்ற இளைஞர், காற்றில் பறந்து வருகிற பூஞ்சை வித்துகள் இலையின் துளைகள் வழியாக உள்ளே நுழைவதைக் காட்டினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. காப்பி அழிந்து மலை முழுக்கத் தேயிலை ஏறியது. காப்பிப் பருவத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்த நம் ஊர்த் தமிழர்கள், வருஷம் முழுக்கக் கொழுந்து பறிக்கிற தேயிலையோடு லயன்களில் கட்டுண்டுபோனார்கள். மலையகத் தமிழரின் கதையில் ஒரு பூஞ்சைக்கும் பங்கு இருக்கிறது. அதைக் "கீழ்த்தாவரம்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறார்கள்.

நாட்டின் கணக்கிலும் பூஞ்சைக்குத் தனி இடம் கிடையாது. இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனம் வருஷா வருஷம் வெளியிடும் புதிய தாவரங்கள் தொகுப்பில்தான் புதிய பூஞ்சைகளும் சேர்ந்து வருகின்றன. வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் விலங்குகள் உண்டு, செடிகள் உண்டு, காளானுக்கு ஒரு வரிகூட இல்லை. தர்மபுரிப் பக்கமும் கொங்கு நாட்டிலும் மழைக்குப் பிறகு கூடையோடு தேடிப்போகிற புற்றுக்காளானை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கரையான்தான் வளர்க்கிறது. மென்ற மரத்துகளையும் சருகையும் புற்றுக்குள் அடைகளாக அடுக்கி, அதில் பூஞ்சையை வளர்த்து, அது செரித்துக் கொடுப்பதைத் தின்கிறது. நம் ஆய்வுக்கூடங்களில் அந்தக் காளானை இன்றைக்கும் சிப்பிக் காளான்போலப் பையில் விளைவிக்க முடியவில்லை. கரையானும் அதுவும் சேர்ந்து இருந்தால்தான் உண்டு. நாமோ வரப்போரப் புற்றுகளை இடித்து, குழிக்குள் மருந்து ஊற்றி, மேலே மண்ணைத் தள்ளி மூடிவிடுகிறோம். இந்தக் கூட்டணியைச் சட்டம் எந்தப் பக்கத்தில் எழுதும்? விலங்கு என்று கரையானைக் காப்பாற்ற யாரும் வரப்போவதில்லை, செடி என்று காளானைக் காப்பாற்ற வழியே இல்லை. முதலில் அட்டவணையில் பூஞ்சைக்கு என்று ஒரு பகுதியைத் திறக்கட்டும். அதற்கு முன்னால், பள்ளிப் புத்தகத்திலும் தேர்வு வழிகாட்டியிலும் பூஞ்சையைத் தாவரங்களுக்குள் வைக்கிற ஒவ்வொரு வரியையும் இந்த ஆண்டே அடிக்கட்டும்.