கூண்டுப் பறவை மூச்சுத் திணறும்போது



நகரத்தின் சிறிய வீடுகளிலே நாயோ பூனையோ வளர்க்க இடமில்லாததால், அநேக குடும்பங்கள் ஜன்னலோரத்தில் கூண்டு மாட்டி, லவ் பேர்ட்ஸ் என்று நாம் அழைக்கும் பட்ஜரிகர் பறவைகளை வளர்க்கின்றன. பகைக்கு இரையாகாதபடி தன் பலவீனத்தை மறைத்துக்கொள்வது பறவையின் சுபாவம். ஆகையால் நாம் கண்டுகொள்ளுமுன்னே வியாதி முற்றிவிடுகிறது.

பறவை அமைதியாய் அமர்ந்திருக்கையில் கவனித்துப் பாருங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடுகிறதா? வெயிலோ பறந்த களைப்போ இல்லாதபோதும் அலகைத் திறந்து மூச்சு வாங்குகிறதா? மூக்குத் துவாரத்தின் மேலுள்ள இறகுகள் நனைந்தோ கறைபட்டோ இருக்கின்றனவா? குரல் மாறிற்றா? பகலிலும் இறகுகளை உப்பிக்கொண்டு தூங்குகிறதா? இவற்றில் ஒன்று காணப்பட்டாலும் தாமதிக்க வேண்டாம்.

ஊரிலே கோழிகளை வாரிக்கொண்டுபோகும் வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோய், ஒரு வைரஸினால் உண்டாகிறது. 2006-ல் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் கோழிகளிடம் கண்டறியப்பட்ட பறவைக் காய்ச்சலும் அப்படியே. இவ்விரண்டும் கூண்டுப் பறவைகளையும் தாக்கக்கூடும். ராணிக்கெட் நோயில் கழுத்து முறுக்கிக்கொள்வதும், கால் அல்லது சிறகு செயலிழப்பதும் சேர்ந்து வரலாம்.

ஆயினும் அறிகுறிகளை மட்டும் கண்டு, இது வைரஸ்தான் என்று ஒருவரும் தீர்த்துச் சொல்ல இயலாது. பாக்டீரியா, பூஞ்சை, ஏன், அளவுக்கு மிஞ்சிக் காய்ந்த நான்ஸ்டிக் வாணலியின் புகைகூட மூச்சுத் திணறலை உண்டாக்கும். கால்நடை மருத்துவர் தொண்டையிலும் மலத்துவாரத்திலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்பியே வைரஸை உறுதிசெய்வார். மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துப் பார்க்காதிருங்கள்; அது வைரஸைக் கொல்லாது.

நோயுற்ற பறவையை மற்றவற்றிலிருந்து பிரித்து, கதகதப்பான இடத்தில் வையுங்கள். மார்பை இறுகப் பிடிக்காதிருங்கள். பறவைக்கு உதரவிதானம் இல்லை. மார்பு அசைந்தால்தான் அது சுவாசிக்கும். எச்சத்தைத் தண்ணீரால் நனைத்தபின், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு சுத்தம் செய்யுங்கள். பல பறவைகள் திடீரென்று மடிந்தால் குப்பையில் எறியாமல், கால்நடைத் துறைக்கு அறிவியுங்கள். புதிதாய் வாங்கும் பறவையை முப்பது நாட்களாவது தனியே வைத்திருங்கள்.

முக்கியமாக ஒன்று. இதே அறிகுறிகளோடு வரும் சிட்டகோசிஸ் என்னும் பாக்டீரியா நோய், காய்ந்த எச்சத்தின் தூசியினால் மனிதருக்கும் தொற்றி நிமோனியாவை உண்டாக்கும். ஆதலால் வீட்டிலே ஒருவருக்குக் காய்ச்சலும் இருமலும் நீடித்தால், "எங்கள் வீட்டில் பறவை வளர்க்கிறோம்" என்று மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை ஓர் உயிரைக் காக்கக்கூடும்.